தோலில்லாத மனதுக்கு ஒரு பயிற்சி

“கோபத்தை அடக்கு”, “அழுகையை நிறுத்து”, “மனசைத் தேத்திக்கோ”. இந்த மூன்றையும் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. ஆனால் எப்படி அடக்குவது, எதைச் செய்தால் அழுகை நிற்கும், மனதைத் தேற்றுவதை எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் உண்டு. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கியவர்கள் உண்டு. உணர்ச்சி விஷயத்தில் மட்டும் கட்டளையோடு நிறுத்திக்கொள்கிறோம். பெரும்பாலோர் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்தே தட்டுத்தடுமாறி ஒருவாறு பழகிவிடுகிறார்கள். சிலருக்கு அது வாய்ப்பதில்லை. அவர்களுக்கு எழும் உணர்ச்சியின் வேகமே வேறு. பக்கத்தில் இருப்பவர் “இதில் என்ன இருக்கிறது” என்று நினைக்கும் ஒரு சொல் அவர்களை இரண்டு நாள் படுக்கையில் போட்டுவிடும்.

அப்படிப்பட்டவர்களுக்காக 1980களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உருவான பேச்சு சிகிச்சைதான் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி. சுருக்கமாக டி.பி.டி. உணர்ச்சி கட்டுமீறிப் போவதைக் குணக்கேடு என்று பார்க்காமல், யாரும் கற்றுத்தராமல் விட்ட ஒரு திறன் என்று பார்ப்பதுதான் இதன் அடிப்படை. விட்டுப்போனதை இப்போது கற்றுத்தரலாம் அல்லவா? அதனால் இதற்குப் பாடத்திட்டம் உண்டு, வகுப்பு உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு. இதன் துணுக்குகள் இன்று ரீல்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. முகத்தில் குளிர்ந்த நீரை வை, மூச்சை எண்ணு, மனம் சொல்வதற்கு எதிராகச் செய். அவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தச் சிகிச்சையின் பலம் அந்தத் துணுக்குகளைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தனியறை

டி.பி.டி.யை உருவாக்கியவர் மார்ஷா லினெஹன். 1943இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தவர். 1961இல், 17 வயதில், ஹார்ட்ஃபர்டில் உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் லிவிங் என்ற மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஓயாமல் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று முடிவுகட்டினார்கள். கனத்த மருந்துகள் கொடுத்தார்கள், மின்னதிர்வு சிகிச்சை அளித்தார்கள், தனியறையில் பூட்டிவைத்தார்கள். எதுவும் உதவவில்லை. 26 மாதங்கள் கழித்து, 1963இல், அவரை வெளியே அனுப்பியபோது எழுதிய குறிப்பு, மருத்துவமனையிலேயே மிக மோசமான நிலையில் இருந்த நோயாளிகளில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறது.

இந்த நரகத்திலிருந்து வெளியே வருவேன், வந்தபின் உள்ளே சிக்கியிருக்கும் மற்றவர்களை மீட்கத் திரும்பிப் போவேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவர். சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் படித்து 1971இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1977இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். தன் இளமைக் கதையை மிக நெருங்கிய சிலரைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை. கையில் இருந்த தழும்புகளைப் பார்த்து, “நீங்களும் எங்களில் ஒருவரா?” என்று கேட்ட நோயாளிகள் உண்டு. 2011 ஜூன் மாதம், 68ஆவது வயதில், தான் அடைபட்டிருந்த அதே மருத்துவமனைக்குப் போய் அனைவர் முன்னாலும் தன் கதையைச் சொன்னார். கோழையாகச் சாக முடியாது, அவர்களுக்கு இதை நான் கடன்பட்டிருக்கிறேன் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தக் கதையைச் சொல்லாமல் சிகிச்சையை மட்டும் விளக்க முடியாது என்று நினைக்கிறேன். டி.பி.டி. அளிப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டிய நம்பிக்கைகள் என்று ஒரு பட்டியலை லினெஹன் வகுத்திருக்கிறார். வந்திருப்பவர் தன்னால் முடிந்த அளவுக்கு முயன்றுகொண்டுதான் இருக்கிறார் என்பது அதில் ஒன்று. அவருடைய பிரச்சினைகள் எல்லாவற்றுக்கும் அவர் காரணமாக இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அவர்தான் அவற்றைத் தீர்த்தாக வேண்டும் என்பது இன்னொன்று. சிகிச்சையில் நோயாளி தோற்பதில்லை, தோற்றால் சிகிச்சைதான் தோற்றது என்பது மற்றொன்று. கட்டிலில் கிடந்து, “இவள் ஒத்துழைக்கவில்லை” என்று தன் கோப்பில் எழுதப்படுவதன் வலியை அறிந்தவரால்தான் இந்த மூன்றாவதை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு உண்மைகள்

லினெஹன் சியாட்டிலில் வேலையைத் தொடங்கியது, நடத்தை சிகிச்சை வளர்ந்துவந்த காலம். எந்த நடத்தை துன்பம் தருகிறதோ அதைக் கண்டுபிடி, மாற்று. லினெஹன் இதையே சாகத் துடிக்கும் நோயாளிகளிடம் முயன்றார். அவர்கள் கொதித்துப்போனார்கள். “அப்போ எல்லாம் என் தப்புதானா?” என்பதே அவர்கள் காதில் விழுந்தது. சரி என்று மறுபக்கம் போய், எதையும் மாற்றச் சொல்லாமல் பரிவோடு கேட்டுக்கொண்டிருந்து பார்த்தார். அப்போதும் கொதித்தார்கள். நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே!

இரண்டு கோபமும் நியாயமானவை. ஆகவே இரண்டையும் ஒரே அமர்வில், சில சமயம் ஒரே வாக்கியத்தில் வைத்தாக வேண்டியிருந்தது. இப்போது இருக்கிறபடியே உங்களை ஏற்கிறேன். நீங்கள் மாறியே ஆக வேண்டும். மாற்றத்துக்கான கருவிகள் நடத்தை அறிவியலில் இருந்தன. ஏற்றுக்கொள்ளும் கலையை எங்கே கற்பது? அதற்காக அவர் ஜென் என்ற பௌத்தத் தியான மரபின் பயிற்சிக்குப் போனார். முதலில் கலிஃபோர்னியாவின் சாஸ்டா மடாலயம், பிறகு ஜெர்மனியில் வில்லிகிஸ் யேகர் என்ற கத்தோலிக்கத் துறவியும் ஜென் ஆசிரியருமானவர். அங்கே பழகியவற்றிலிருந்து மதச் சொற்களை நீக்கி, நோயாளி செய்து பார்க்கக்கூடிய சிறு பயிற்சிகளாக மாற்றினார்.

பெயர் வந்த கதை தமிழ் வாசகருக்குச் சுவையாக இருக்கும். லினெஹனின் அலுவலக உதவியாளரின் கணவர் மார்க்சியத் தத்துவம் பயின்றவர். அந்த உதவியாளர்தான், நீங்கள் செய்வது டயலெக்டிக்ஸ் என்று அவரிடம் சொன்னார். நம் ஊரில் கட்சி வகுப்புகளிலும் சிறு வெளியீடுகளிலும் ‘இயங்கியல்’ என்று படித்தோமே, அதே சொல். எதிரும் புதிருமான இரண்டு ஒன்றையொன்று முட்டி, இரண்டையும் உள்ளடக்கிய புதிய ஒன்றுக்கு நகர்வது. தமிழில் இதை இயங்கியல் நடத்தை சிகிச்சை எனலாம்.

லினெஹன் முதலில் மனதில் வைத்தது தற்கொலை எண்ணத்தோடு வாழ்பவர்களை. ஆனால் அமெரிக்காவில் ஆய்வு நிதி பெற ஒரு நோய்ப்பெயர் வேண்டும். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்ற பெயரின்கீழ் ஆய்வு தொடங்கியது அப்படித்தான். உறவில் கைவிடப்படுவோமோ என்ற ஓயாத பயம், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மனநிலை, தான் யார் என்றே பிடிபடாத வெறுமை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இவர்களை, உடல் முழுதும் தீக்காயம் பட்டவர்களைப் போல உணர்ச்சிக்குத் தோலே இல்லாதவர்கள் என்றார் லினெஹன். காற்றுப் பட்டாலும் எரியும்.

“இதுக்கெல்லாமா அழுவாங்க?”

தோல் ஏன் இல்லாமல் போனது? டி.பி.டி. தரும் விளக்கத்தில் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று பிறவியிலேயே வருவது. சிலருக்கு உணர்ச்சி சீக்கிரம் தூண்டப்படும், உச்சத்துக்கு ஏறும், தணிய நேரம் எடுக்கும். மூன்றாவதுதான் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தப்புகிறது. காலையில் நடந்த சண்டையின் சூடு மற்றவர்களுக்கு அரைமணியில் ஆறிவிடும். இவருக்கு மாலையிலும் ஆறியிருக்காது. அதற்குள் இன்னொன்று வந்து மேலே விழும்.

மற்றொன்று வளரும் சூழல். உள்ளே நடப்பதைத் தொடர்ந்து மறுக்கும் சூழல். “இதுக்கெல்லாமா அழுவாங்க?” “உனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா நடிக்கிற.” “உன் தங்கச்சியப் பாரு, எவ்வளவு சமத்தா இருக்கா.” அடியும் வன்கொடுமையும் நடந்த வீடுகள் இதன் கொடிய வடிவம். ஆனால் பாசம் நிறைந்த வீட்டிலும் இது நடக்கும். அமைதியான சுபாவமுள்ள பெற்றோருக்கு மூன்று மடங்கு வேகத்தில் உணரும் பிள்ளை பிறந்தால், அவர்களுக்கு அந்தப் பிள்ளை உண்மையிலேயே புரியாது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த விளக்கம் உருவாகவில்லை.

அந்தப் பிள்ளை அங்கே இரண்டு பாடங்களைப் படிக்கிறது. தன் உள்ளுணர்வை நம்பக்கூடாது என்பது முதல் பாடம். சாதாரணமாகச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தட்டு உடைந்தால்தான் வீடே ஓடிவருகிறது என்பது இரண்டாவது. “கவனத்தை ஈர்க்கத்தான் இப்படிச் செய்கிறாள்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மெதுவாகக் கூப்பிட்டபோது நாம் திரும்பியிருந்தோமா என்று நம்மை நாம் கேட்டுக்கொள்வதில்லை.

ஆகவே சிகிச்சையில் பெரும்பகுதி, எதிரில் இருப்பவரின் உணர்வுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் போகிறது. ஒப்புக்கொள்வதென்றால் ஆமாம் போடுவதில்லை. நண்பர் பதில் போடாததால் நொறுங்கிப்போன ஒருவரிடம், அவர் உங்களை வெறுக்கிறார் என்று நாமும் சேர்ந்து சொல்லத் தேவையில்லை. “இதுக்கு முன்னாடி உங்களை விட்டுட்டுப் போனவங்களும் இப்படித்தான் பேச்சைக் குறைச்சாங்க. உங்களுக்குப் பயம் வந்தது ஆச்சரியமே இல்ல.” இது போதும். பயம் உண்மை. பயம் சொல்லும் செய்தி உண்மையா என்பது அடுத்த கேள்வி.

ஏற்பாடு

முழு டி.பி.டி.க்கு நான்கு கால்கள். வாரம் ஒரு முறை தனி அமர்வு. வாரம் ஒரு முறை, இரண்டு மணிநேரத்துக்கும் மேலாக நடக்கும் குழு வகுப்பு. நெருக்கடியில் தொலைபேசி வழி உதவி. நான்காவது கால் சிகிச்சையாளர்களுக்கானது, அவர்கள் வாரந்தோறும் தமக்குள் கூடும் குழு.

வகுப்பு என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். கரும்பலகையும் கையேடும் உண்டு, போன வார வீட்டுப்பாடத்தைச் செய்தீர்களா என்ற கேள்வியும் உண்டு. சொந்தக் கதையைக் கொட்டி அழும் இடமில்லை அது. பாடத்திட்டம் ஒரு சுற்று முடிய சுமார் 24 வாரங்கள் ஆகும். பொதுவாக இரண்டு சுற்று, ஆக ஓராண்டு. தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் திட்டத்திலிருந்து விலக்கப்படுவார் என்ற கண்டிப்பும் உண்டு.

தனி அமர்வுக்கு வருபவர் கையில் ஓர் அட்டை இருக்கும். ஒவ்வொரு நாளும் எந்த உணர்ச்சி எவ்வளவு இருந்தது, எந்த உந்துதல் வந்தது, எந்தத் திறனை முயன்றார் என்று எண்களால் நிரப்பிய அட்டை. அதைப் பார்த்துத்தான் பேச்சு தொடங்கும். உயிருக்கு ஆபத்தான எதுவும் அந்த வாரம் நடந்திருந்தால் முதலில் அதுதான். சிகிச்சைக்கே இடைஞ்சலானது எதுவென்றால் அடுத்து அது, உதாரணமாக வராமல் இருப்பது, பொய் சொல்வது, அல்லது சிகிச்சையாளரே தாமதமாக வருவது. வாழ்க்கைத் தரத்தைக் கெடுக்கும் மற்றவை அதற்கும் பிறகு.

இங்கே பயன்படும் முக்கியக் கருவி சங்கிலிப் பகுப்பாய்வு. ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் இரவு பதினொரு மணிக்குத் தோழியை வாட்ஸ்அப்பில் கண்டபடி திட்டிவிட்டுப் போனைச் சுவரில் வீசி எறிந்தாள். “ஏன் இப்படிப் பண்ணே?” என்று கேட்டால் “கோவம் வந்துச்சு” என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். சங்கிலி வேறு மாதிரிக் கேட்கிறது. முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய்? மூன்று மணிக்கு. மதியம்? சாப்பிடவில்லை. செய்தி அனுப்பியது எப்போது? ஏழே முக்காலுக்கு. நீல டிக் வந்தது எட்டுக்கு. அப்போது மனதில் ஓடிய வாக்கியம் என்ன? ‘இவளுக்கும் நான் சலிச்சுப்போயிட்டேன்.’ உடம்பில்? நெஞ்சு இறுகியது, காது சூடானது. பிறகு? அவளுடைய ஸ்டேட்டஸை பத்து முறை திறந்து பார்த்தாள். அதில் இன்னொருத்தியோடு எடுத்த படம். திட்டி அனுப்பியதும் ஐந்து நிமிடம் நெஞ்சு லேசானது. அதன்பின் வெட்கம். காலையில் தோழி பிளாக் செய்திருந்தாள்.

இப்படி விரித்துப் போட்டால், ‘என் குணமே இப்படி’ என்று ஒரே கட்டியாகத் தெரிந்தது, கழற்றக்கூடிய பத்து கண்ணிகளாகத் தெரிகிறது. தூக்கமும் சாப்பாடும் ஒரு கண்ணி. நீல டிக்குக்கும் ‘சலிச்சுப்போயிட்டேன்’ என்பதற்கும் நடுவே ஒரு கண்ணி. ஸ்டேட்டஸைத் திறக்கும் விரல் இன்னொன்று. அந்த ஐந்து நிமிட நிம்மதிதான் இதை அடுத்த முறையும் செய்யவைக்கும் என்பதும் தெரியவரும். எந்த இடத்தில் எந்தத் திறனை வைத்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும் என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அவமானமாகவும் இருக்கும். ஆனால் மாற்றம் நடக்கும் இடம் இதுதான்.

தொலைபேசி வழிக்கும் காரணம் உண்டு. வகுப்பில் கற்றது இரவு பத்தரைக்கு நினைவுக்கு வராது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் சிகிச்சையாளர் சில நிமிடம் பேசுவார், எந்தத் திறனை இப்போது எடுப்பது என்று மட்டும். ஒருவர் தன்னைக் காயப்படுத்திக்கொண்டுவிட்டால் அடுத்த 24 மணிநேரம் இந்த வழி மூடியிருக்கும். அவசர உதவி வேறு, அது கிடைக்கும். கேட்கக் கல்நெஞ்சமாகத் தோன்றும் விதி. காயத்துக்குப் பின் வரும் அழைப்பைவிடக் காயத்துக்கு முன் வரும் அழைப்புக்குத்தான் பலன் உண்டு என்பதை அது பழக்குகிறது. தட்டு உடைவதற்கு முன்பே திரும்பிப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார் என்று.

திறன்கள்

வகுப்பில் நான்கு பிரிவுகள்: மனதை இப்போதில் வைத்துக் கவனிப்பது, நெருக்கடியைத் தாக்குப்பிடிப்பது, உணர்ச்சியைச் சீர்படுத்துவது, உறவில் கேட்கவும் மறுக்கவும் தெரிவது. எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை.

கவனிப்பில் தொடங்குவார்கள். உணர்ச்சி மட்டுமே ஓட்டும் மனம், தர்க்கம் மட்டுமே ஓட்டும் மனம், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தெளிந்த மனம் என்பது இதன் மையப் படம். நேபாளத்தில் தற்கொலைக்கு முயன்ற பெண்களுக்காக இந்தச் சிகிச்சையைச் சிறு அளவில் மாற்றி அமைத்தவர்கள், இதற்கு அந்த மக்களின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். உணரும் இடம் ‘மன்’, சிந்திக்கும் இடம் ‘திமாக்’. எழுத்தறிவு குறைந்தவர்களுக்காகக் கையேட்டில் படங்களைச் சேர்த்தார்கள். தமிழில் ‘மனசு’, ‘புத்தி’ என்று கிராமத்துப் பாட்டியும் பிரித்துப் பேசுகிறார். “மனசு கேக்கல, புத்தி வேணாங்குது” என்பது ஏற்கெனவே பாதிப் பாடம்.

உணர்ச்சியின் உச்சத்தில் புத்தி கேட்காது. அப்போது பேச்சு வேண்டாம், உடம்பைப் பிடி என்கிறது டி.பி.டி. குனிந்து, மூச்சைப் பிடித்து, கண்ணைச் சுற்றிய பகுதி நனையும்படி முகத்தைக் குளிர்ந்த நீரில் சுமார் அரை நிமிடம் வைப்பது. நீருக்குள் மூழ்கும் பாலூட்டிகளுக்கு இதயத் துடிப்பு தானாகக் குறையும். அதே அனிச்சைச் செயல் நம்மிடமும் இருக்கிறது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக. இதய நோய் உள்ளவர்களும், உணவு மறுப்பால் உடல் மெலிந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. ரீல்களில் இந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை. வேகமாகப் படியேறி இறங்குவது, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சுக்குக் கொண்டுவருவது ஆகியவையும் இதே வகை. இவை எதுவும் பிரச்சினையைத் தீர்க்காது. அடுத்த இருபது நிமிடத்தில் நிலைமையை இன்னும் மோசமாக்காமல் இருக்க மட்டும் உதவும். பல நேரம் உயிர் தங்குவது அந்த இருபது நிமிடத்தில்தான்.

சீர்படுத்தும் பிரிவு, பெயர் வைப்பதில் தொடங்குகிறது. நாம் “ஒரு மாதிரி இருக்கு” என்றோ “மனசு சரியில்ல” என்றோ சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அது பயமா, பொறாமையா, வெட்கமா, இழப்பா? எந்த நிகழ்ச்சியிலிருந்து கிளம்பியது? உடம்பில் எங்கே தெரிகிறது? இப்படிக் கேட்பது நம் மொழிக்குப் புதிதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளுக்குப் பெயர் வைத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நான்கு என்று பிரிக்கிறது. அழுகைக்கு இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (இருந்த நிலை கெடுவது), வறுமை. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, உறுப்பறை (உறுப்பை வெட்டுவது), குடிகோள் (குடியைத் துன்புறுத்துவது), அலை (வைதும் அடித்தும் வருத்துவது), கொலை. அது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம், மருத்துவம் இல்லை. ஆனாலும் அழுகிறவரிடம் ‘இளிவா, இழவா?’ என்று பிரித்துக் கேட்கும் கண் நம்மிடம் இருந்திருக்கிறது.

பெயர் தெரிந்தபின், நடந்தது என்ன என்று சரிபார்ப்பது. உணர்ச்சி உண்மை நிலவரத்தோடு பொருந்துகிறதா? பொருந்தினால் பிரச்சினையைத் தீர்க்க இறங்கலாம். பொருந்தாவிட்டால் எதிர்ச்செயல். பயம் ஓடச் சொன்னால் நெருங்குவது, துக்கம் படுக்கச் சொன்னால் எழுந்து குளித்து வெளியே போவது, வெட்கம் ஒளியச் சொன்னால் நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிடுவது. இதை அரைமனதாகச் செய்தால் பலனில்லை. கூட்டத்துக்குப் போய் மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்தால் பயம் இன்னும் வளரும். நிஜமாகவே ஆபத்து இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது என்பதும் பாடத்தின் பகுதி. அடிக்கும் கணவனிடம் பயம் வந்தால் அந்தப் பயம் சரியானது, அங்கே ஓடுவதுதான் திறன்.

உறவுப் பிரிவில் கற்பது எளிமையாகத் தெரியும். நடந்ததைச் சொல், உன் உணர்வைச் சொல், வேண்டியதை நேரடியாகக் கேள், கிடைத்தால் இருவருக்கும் என்ன நன்மை என்று சொல். “அப்பா, இந்த வாரம் மூணு நாள் நான் மீட்டிங்ல இருக்கும்போது திரும்பத் திரும்ப ஃபோன் அடிச்சீங்க. எனக்குப் பதட்டமாயிடுது. மதியம் ஒரு மணிக்கு நானே கூப்பிடுறேன், நடுவுல அவசரம்னா மெசேஜ் போடுங்க. அப்பதான் உங்ககூட நிதானமாப் பேச முடியும்.” “அப்ப நான் பேசுறது உனக்குத் தொந்தரவா?” “தொந்தரவு இல்லப்பா. ஒரு மணிக்குக் கூப்பிடுறேன்.” பழைய சண்டைக்குள் இழுபடாமல், குரலை உயர்த்தாமல், கேட்டதையே மறுபடி சொல்வது. இதை வகுப்பில் ஆள் மாற்றி ஆள் நடித்துப் பார்ப்பார்கள்.

ஏற்பும் சகிப்பும்

நான் அதிகம் கவலைப்படுவது ஒரு பாடத்தைப் பற்றி. முழுமையான ஏற்பு என்று அதைச் சொல்லலாம். மாற்ற முடியாத உண்மையை உடலாலும் மனதாலும் எதிர்ப்பதை நிறுத்துவது. வலி தவிர்க்க முடியாதது, அந்த வலியோடு ‘இது நடந்திருக்கவே கூடாது’ என்ற மறுப்பு சேரும்போதுதான் அது வேதனையாகிறது என்பது இதன் தர்க்கம்.

இதைத் தமிழில் சொல்லும்போது கவனம் தவறினால் பேராபத்து. “பொறுத்துப் போ”, “அனுசரிச்சுப் போ”, “விதின்னு ஏத்துக்கோ” என்று தலைமுறை தலைமுறையாக நம் பெண்களுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். அதே வாக்கியத்தை மருத்துவ முத்திரையோடு திருப்பிச் சொன்னதாக ஆகிவிடும். லினெஹன் சொல்வது அதற்கு நேர் எதிர். ‘என் கணவர் குடிக்கிறார். போன வருடமும் நிறுத்துவேன் என்றார், நிறுத்தவில்லை.’ இந்த உண்மையை ஏற்காத பெண் இன்னும் ஒரு சத்தியத்துக்காகக் காத்திருப்பார். ஏற்றுக்கொண்டவர் வங்கிக் கணக்கைத் தன் பெயரில் மாற்றுவார், அக்கா வீட்டுக்குப் போவதா என்று யோசிப்பார். ஏற்பு என்பது நிலவரத்தை உள்ளபடி பார்ப்பது. அதை நல்லது என்று சொல்வதும் இல்லை, அதற்குள்ளேயே கிடப்பதும் இல்லை. சகிப்பு பார்வையை மூடுகிறது. ஏற்பு திறக்கிறது. தமிழில் இந்தச் சிகிச்சையை அளிப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

வேலை செய்கிறதா?

முதல் சோதனை ஆய்வு 1991இல் வெளிவந்தது. பயிற்சிக் கையேடு 1993இல் வந்தது. 2006இல் வெளியான ஆய்வு இன்னும் கடினமானது. தற்கொலைக்கு முயன்ற, தன்னைக் காயப்படுத்திக்கொண்ட 101 பெண்களில் ஒரு பகுதியினருக்கு டி.பி.டி.யும், மற்றவர்களுக்கு இத்தகைய நோயாளிகளைக் கையாள்வதில் பேர்பெற்ற சிகிச்சையாளர்களின் வழக்கமான சிகிச்சையும் தரப்பட்டன. டி.பி.டி. பெற்றவர்களில் தற்கொலைக்கு மீண்டும் முயன்றவர்கள் மற்ற பிரிவில் இருந்ததைவிட ஏறத்தாழ பாதி. 2015இல் சிகிச்சையைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்க்கும் ஆய்வு ஒன்று வந்தது, 99 பெண்களோடு. திறன் வகுப்பு இருந்த பிரிவுகளில் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது வகுப்பில்லாத பிரிவைவிட அதிகமாகக் குறைந்தது. கற்பதில் ஏதோ இருக்கிறது.

எதிர்ச்சான்றும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கனடாவில் 180 பேரை வைத்து நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒழுங்காகத் திட்டமிட்டு நடத்தப்பட்ட மற்றொரு மனநல சிகிச்சையும் டி.பி.டி.க்கு இணையாகவே பலன் தந்தது. ஆக, டி.பி.டி. ஒன்றே வழி என்பதில்லை. விஷயம் தெரிந்த ஒருவர், தெளிவான திட்டத்தோடு, நோயாளியை விட்டு ஓடாமல் நிற்பதே பெரும்பகுதி வேலையைச் செய்கிறதோ என்று இந்த முடிவைப் படித்தபோது நினைத்தேன்.

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. 1,000க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்து 2023இல் வெளியான ஆய்வு அது. இந்தத் திறன்களை வகுப்பறையில் எட்டு வாரப் பாடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். முடிவில், பாடம் படித்தவர்களிடம் மனச்சோர்வும் பதட்டமும் படிக்காதவர்களைவிடச் சற்று கூடுதலாக இருந்தன, பெற்றோரோடு உறவும் சற்று மோசமாகியிருந்தது. வீட்டில் விடாமல் பயிற்சி செய்தவர்கள் நிலைமை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. திறனைச் சொல்லிவிட்டுப் போவது ஒன்று, அது கைக்கு வரும்வரை கூடவே நிற்பது வேறு. அட்டையும் சங்கிலியும் இரவு பத்தரை மணி அழைப்பும் இல்லாமல், வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாமல், உன் உணர்ச்சியைக் கவனி என்று மட்டும் ஒரு பதின்ம வயதுப் பிள்ளையிடம் சொன்னால் என்ன ஆகும்? பிள்ளை கவனிக்கும். கவனித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நிற்கும். பதின்ம வயதினருக்காக அலெக் மில்லரும் ஜில் ராதஸும் மாற்றியமைத்த வடிவத்தில் பெற்றோரும் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிப்பது இதனால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தேடுபவர்களுக்கு

இந்தியாவில் முழு வடிவ டி.பி.டி. அளிப்பவர்கள் குறைவு. இருப்பவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில், ஆங்கிலத்தில். செலவும் அதிகம். ஓராண்டு, வாரம் இருமுறை என்பது மாதச் சம்பளக் குடும்பத்துக்கு எளிதில்லை. முதலில் ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. மருத்துவ உளவியலாளர் என்றால் ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்கலாம், தவறில்லை. டி.பி.டி. தருகிறேன் என்பவரிடம் இன்னும் சில கேள்விகள்: குழு வகுப்பு உண்டா, அட்டை நிரப்பச் சொல்வீர்களா, அமர்வுகளுக்கு நடுவே நெருக்கடி வந்தால் என்ன ஏற்பாடு, நீங்கள் கலந்து பேச ஒரு குழு இருக்கிறதா? நான்கும் இல்லை என்றாலும் அவர் நல்ல சிகிச்சையாளராக இருக்கலாம். எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று தெரிந்து தொடங்கலாம்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு வாக்கியத்தை முயன்று பாருங்கள். “உனக்கு இது எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுது, சொல்லு.” சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அல்லது வந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.